குழாய் வெளியே தெரியாத மீன்தொட்டி: கேள்வி பதில்

வீட்டில் புதிதாகத் தொட்டியும் ஸ்டாண்டும் செய்யப்போகிறவர்கள், குழாய்களை எப்படி மறைப்பது என்று கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

செல்லூர்: அண்ணே, ஹாலில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி. கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப் (மேல்தொட்டித் தண்ணீர் வடிந்து வந்து, சுத்தமாகி, பம்பில் திரும்ப மேலே ஏறும் இரண்டாவது தொட்டி). தண்ணீர் சம்புக்கு இறங்கும் ஓட்டையை எங்கே போடச் சொல்வது?

பின்பக்கக் கண்ணாடியில், மேல் மூலையில் போடச் சொல்லுங்கள் தம்பி. அடிக்கண்ணாடியில் போட்டால் குழாய் நேராக ஸ்டாண்டுக்குள் இறங்கிவிடும், பார்க்க அழகுதான். ஆனால் அங்கே வாஷரும், ஓட்டையைச் சுற்றித் தொட்டிக்குள் ஒட்டும் பெட்டியின் சிலிக்கானும் சேர்ந்து விட்டுக்கொடுத்தால் மொத்தத் தண்ணீரும் ஹாலில் நிற்கும். மேலே போட்டால் ஓட்டையின் மட்டத்துக்கு மேல் இருப்பது மட்டும்தான் வடியும். ஓட்டைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியில் சின்னப் பெட்டி ஒட்டி, பின்கண்ணாடியின் வெளிப்பக்கமும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் குழாய் கண்ணிலேயே படாது.

குழாயை வளைக்கும் எல்போ திரும்பப் பின்னால் அரை அடி இடம் வேண்டும். அதனால் ஸ்டாண்டை இரண்டடி அகலமாகச் செய்யுங்கள். பக்கவாட்டுப் பலகை சுவர் வரை போனால் இடைவெளி மறைந்துவிடும். தொட்டியின் பின்விளிம்புக்கு நேர்கீழே ஒரு சட்டம் கட்டாயம் ஓட வேண்டும், ஏனென்றால் நிரம்பிய தொட்டி 300 கிலோ தாண்டும். ஒரு விஷயம்: டஃபன்டு (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியில் துளை போட முடியாது, நொறுங்கிவிடும். கடையில் முதலில் அதைக் கேளுங்கள்.

திருமங்கலம்: கரண்ட் போனால் சம்ப் நிரம்பி வழியாதா சார்?

வழியும், கணக்குப் போடாவிட்டால். பம்ப் நின்றதும், சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாய் தண்ணீரைத் திருப்பி உறிஞ்சும். செல்லூர் தம்பி சொன்ன அளவுத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் ஐந்தரை லிட்டர். குழாய் வாய் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 28 லிட்டர் கீழே வரும், குழாயிலும் பெட்டியிலும் நிற்பது தனி. வாயை நீர்மட்டத்தை ஒட்டி வையுங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சின்னத் துளை போட்டால், காற்றுப் புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். பாசி அதை அடைக்கும், அவ்வப்போது குத்திவிடுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள், ஒரு குட்டி நத்தை சிக்கினாலே மூடாது. மீன் விடுவதற்கு முன் பம்பை நிறுத்திப் பார்த்து, தண்ணீர் எதுவரை ஏறுகிறதென்று சம்பில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மேலூர்: ஆசாரி நாலு பக்கமும் பிளைவுட் அடித்து மூடிடலாம் என்கிறார் அண்ணே.

முன்னால் அடிக்கட்டும்மா, பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். சித்திரை வெயிலில் உள்ளே சூடும் ஈரமும் தங்கினால் மீனுக்கும் ஆகாது, பலகைக்கும் ஆகாது. பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரை உள்ளதாக (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்) இருக்கட்டும். கதவு வழியாகச் சம்ப் முழுசாக வெளியே வர வேண்டும். நடுவில் ஒரு கால் நின்று அதை மறிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற கூத்து.

பம்புக்கு மேலே யூனியன் (திருகிக் கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) போடுங்கள். நம் பக்கத்து உப்பு போர்த்தண்ணீரில் வெள்ளைப் படிவு சீக்கிரம் ஏறும், பம்பைக் கழற்றி வினிகரில் ஊறப்போடாமல் முடியாது. எல்லாவற்றையும் சால்வென்ட் பசை வைத்து ஒட்டிவிட்டால் அப்புறம் ரம்பம்தான். பிளக் பாயின்ட் சம்புக்கு நேர்மேலே வேண்டாம், பக்கத்துத் தடுப்பில் இருக்கட்டும். வயர் கீழே தொங்கி மறுபடி ஏறிப் பிளக்குக்குப் போனால், வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

அனுப்பானடி: சம்ப் இல்லை, கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) மட்டும்.

அப்படியானால் ஓட்டையே வேண்டாம். இரண்டு ஹோஸையும் பின்மூலை வழியாக இறக்கி, உள்ளே உயரமான செடி வையுங்கள், போதும்.

ஆரப்பாளையம்: குழாயைச் சுவருக்குள்ளேயே பதித்துப் பூசிடலாமா?

வேண்டாம். கசிந்தால் சுவரை உடைத்துத்தான் தேட வேண்டும். வாடகை வீடென்றால் ஓனரிடம் வேறு பதில் சொல்லணும்.