வாசகர் கேள்வி பதில்: காதுல ஓதுற பேய்

கேள்வி: அடுத்த மாசம் ரோம் போறோம் சார், ஒரு நாள் மிச்சம் இருக்கு. கூட்டத்துல நசுங்காம ரெனைசன்ஸ் சுவரோவியம் பாக்கற மாதிரி பக்கத்துல கதீட்ரல் ஏதாச்சும் இருக்கா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: இருக்கும்மா, ஒர்வியெத்தோ. ரோம்ல ட்ரெயின் ஏறுனா ஒண்ணு, ஒண்ணேகால் மணி நேரம். ஸ்டேஷன் கீழ, ஊரு பாறை மேல, அதனால எதிர்க்கவே நிக்கிற கேபிள் ரயில்ல ஏறிடுங்க. கதீட்ரல் 1290ல ஆரம்பிச்சது, பக்கச் சுவரெல்லாம் கறுப்பு வெள்ளை கல்லு மாத்தி மாத்தி வரி வரியா இருக்கும், முகப்பு மொசைக் பளபளன்னு மின்னும், பாதி பேரு அங்கயே போட்டோ எடுத்து ஓஞ்சு போயிடுறாங்க. நீங்க நேரா உள்ள போய் வலது பக்கம் சான் பிரித்ஸியோ சாப்பலுக்கு, அதான் கதீட்ரலுக்குள்ளயே இருக்கற தனி ஜெப அறைக்கு, போயிடுங்க.

1447ல ஃப்ரா ஆஞ்சலிக்கோங்கற ஓவியர் அதோட கூரையில கொஞ்சம் வரைஞ்சுட்டு ரோமுக்கு போனவர் போனவர்தான். அம்பது வருஷம் சும்மா கெடந்த வேலைய 1499ல லூக்கா சிஞ்ஞொரெல்லி எடுத்து 1504 வாக்குல முடிச்சாரு. நுழைஞ்சதும் இடது பக்கம் பாருங்க, மேடை மேல ஒருத்தர் பிரசங்கம் பண்றாரு, தாடி, முடி எல்லாம் அச்சு அசல் ஏசு. ஆனா பின்னாடி கொம்பு வெச்ச பேய் காதுல ஓதுது! அதோட கை இவரோட அங்கிக்குள்ள பூந்து வர்ற மாதிரி இருக்கும், எது யாரு கைன்னு நான் ரொம்ப நேரம் குழம்பி நின்னேன். அவர்தான் அந்திக்கிறிஸ்து, உலகம் முடியற காலத்துல ஏசு மாதிரி வந்து ஜனங்கள ஏமாத்துவான்னு சொல்ற போலி. அதே படத்து ஓரத்துல கறுப்பு டிரஸ்ல ரெண்டு பேரு, ஒருத்தர் சிஞ்ஞொரெல்லி, இன்னொருத்தர் ஆஞ்சலிக்கோன்னு சொல்றாங்க.

கேள்வி: 500 வருஷமா கலர் எப்படி நிக்குது?

பதில்: சுண்ணாம்புதான். ஈரப் பூச்சு மேல தண்ணில கரைச்ச கலர வெச்சா, காயறப்போ சுண்ணாம்பு இறுகி கலர உள்ளயே பிடிச்சுக்கும். அதனால அன்னிக்கு முடிக்கற அளவுக்கு மட்டும்தான் பூசுவாங்க, அதுக்கு பேரு ஜொர்னாத்தா, ஒரு நாள் வேலை. தப்பு வந்தா செதுக்கி எடுத்துட்டு மறுபடி பூசணும்.

கேள்வி: பத்து வயசு பையன் பயப்படுவானா?

பதில்: அதே சாப்பல்ல நரகத்த வரைஞ்ச சுவத்துல பச்சை, ஊதா உடம்போட பேய்ங்க மனுஷங்கள முறுக்கும், அத பாத்தா மெரளலாம். முதல்ல செத்தவங்க உயிர்த்தெழுறத வரைஞ்ச சுவத்த காட்டுங்க. தரையப் பொத்துக்கிட்டு ஆளுங்க ஏறி வர்றாங்க, சதை இன்னும் வராத எலும்புக்கூடுங்க பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கும். நான் போன அன்னிக்கு ஒரு வாண்டு அதுங்கள ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு நகரவே மாட்டேன்னுட்டான்.