மனு குடுத்தா எம்.எல்.ஏ. பேசுவாரா? வடசென்னைக் கேள்விகள்

கேள்வி: அண்ணே, எண்ணூர் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி எம்.எல்.ஏ. கிட்ட மூணு தபா மனு குடுத்தாச்சு. வாங்கி பி.ஏ. கையில தர்றாரு, அவ்ளோதான். இன்னா தப்பு?

பதில்: மனுவில் எத்தனை கோரிக்கை? பத்து இருந்தால் ஒன்றும் நடக்காது தம்பி. ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. ஊர், வார்டு எண், முடங்கிய படகுகளின் எண்ணிக்கை, எந்தத் துறை, என்ன ஆணை வேண்டும். அடியில், அவர் அவையில் அப்படியே படிக்க ஒரு வரி: “எண்ணூர் முகத்துவாரத்தைத் தூர்வார அரசு ஆவன செய்யுமா?” அங்கே கேள்விகள் இந்த வாய்பாட்டில்தான் போகும். பட்ஜெட்டுக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கும் விவாதம், வரும். உங்கள் துறையின் நாளுக்கு ஒரு வாரம் முன்பே பி.ஏ.விடம் கொடுங்கள், பேச்சுக் குறிப்பு பெரும்பாலும் அவர் மேசையில்தான் உருவாகிறது. நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: நாங்க காட்டுப்பள்ளி. திருவொற்றியூர் எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாமா சார்?

பதில்: உங்களுக்குப் பொன்னேரி தொகுதி, எம்.பி. திருவள்ளூர். எண்ணூருக்குத்தான் திருவொற்றியூரும் வடசென்னையும். காமராஜர் துறைமுகம் சம்பந்தப்பட்டதென்றால் அது ஒன்றிய அரசு விவகாரம், எம்.பி.யிடம் போங்கள்.

கேள்வி: கம்பெனிக்காரங்க தெருவுக்கே வர்றதில்ல. ஆனா அவங்க கேட்டது நடக்குதே?

பதில்: மசோதா துறைச் செயலாளர் மேசையில் வரைவாக இருக்கும்போதே தொழில் சங்கங்கள் மனுவோடு போய்விடும். அவைக்கு வரும்போது பாதி முடிந்த கதை. அமெரிக்காவில் இப்படி அரசிடம் காரியம் சாதிக்கப் பேசும் ‘லாபி’காரர்கள் பதிவு செய்து கணக்குக் காட்ட 1995-லேயே சட்டம் வந்தது; நம்மிடம் இல்லை. கையில் இருப்பது தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய், 30 நாள். “ஏன் செய்தீர்கள்” என்று கேட்டால் தட்டிவிடுவார்கள். “இன்ன கோப்பின் குறிப்புப் பக்கங்கள் (அதிகாரிகள் கருத்து எழுதும் தாள்கள்), வந்த மனுக்களின் நகல்” என்று கேளுங்கள்.

கேள்வி: மறியல் பண்ணி எதாவது மாறியிருக்கா?

பதில்: 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைத் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறியது. 24-இல் நிறுத்திவைப்பு, மே 1-இல் வாபஸ் அறிவிப்பு. தொழிற்சங்கங்களின் எதிர்ப்போடு, ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. கைகொடுத்தது அதுதான் என்பேன்.

கேள்வி: பி.ஏ.வுக்கு ஏதாவது ‘கவனிக்கணுமா’?

பதில்: வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்தி வாங்கினால் 7 நாளுக்குள் புகார் கொடுங்கள்.