ரைஃபிள்ட் பேரல் போட்டும் ஸ்லக் குறி தப்புதே, ஏன்?

"மான் வேட்டைக்குன்னு என் பம்ப் ஷாட்கன்னுக்கு ரைஃபிள்ட் பேரல் (உள்பக்கம் சுருளா மரை வெட்டின குழல்) வாங்கி மாட்டினேன், 50 யார்டுலயே குண்டு சிதறுது, பேரல் கோளாறா?"ன்னு கேட்டிருக்கீங்க. பேரல் மேல பழிய போடுறதுக்கு முன்னாடி, உள்ள எந்த ஸ்லக்கப் (ரவைக்குப் பதிலா ஒரே பெரிய குண்டா வர்ற ஷாட்கன் தோட்டா) போட்டு சுடுறீங்கன்னு பாருங்க.

நான் இருக்கிறது ஒஹாயோ. இங்க மான் சீசன்ல வழக்கமான வேட்டை ரைஃபிள் ஆகாது. 2014ல ஸ்ட்ரெய்ட் வால் தோட்டா (கழுத்து குறுகாம நேரா இருக்கிற தோட்டா) ரைஃபிளுக்கு அனுமதி கொடுத்தாங்க, இருந்தாலும் என்னை மாதிரி சிலபேர் கையில இருக்க பழைய 12 கேஜ் ஷாட்கன்ன விட மனசில்லாம ஓட்டிட்டிருக்கோம்.

நானும் புது பேரல் போட்ட ஜோர்ல, சீப்பா கிடைக்குதேன்னு ஃபாஸ்டர் ஸ்லக்க (உறை இல்லாத வெறும் ஈயக் குண்டு) வாங்கிட்டுப் போய் ஒரு பெட்டி சுட்டேன், அட்டையில சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. வீட்டுக்கு வந்து பேரல்ல பிரஷ் விட்டு இழுத்தா ஜிகினா மாதிரி ஈயச் சீவலா கொட்டுது! அந்த ஸ்லக்கோட பக்கவாட்டுல வரிவரியா இருக்கும், பாத்தா அதுதான் சுத்த வைக்குதுன்னு தோணும், ஆனா அது சோக் (பேரல் வாயில இருக்கிற குறுகலான பகுதி) வழியா நசுங்கி வெளிய வர்றதுக்குத்தான். மூக்கு கனம், பின்னாடி பள்ளம், அதனால ஷட்டில் காக் மாதிரி நேரா போகும், அவ்ளோதான். அது மரை இல்லாத பேரலுக்குன்னே செஞ்சது.

உங்க பேரலுக்கு வேண்டியது சேபோ ஸ்லக். குண்டச் சுத்தி பிளாஸ்டிக் உறை இருக்கும், அது மரையப் பிடிச்சுக்கிட்டு பம்பரமா சுழன்டு வெளிய வந்ததும் கழண்டு விழுந்துடும், ரேஞ்சு தரையில இதழ் இதழா கிடக்கும். ஒரு பெட்டியில 5தான், விலைய பாத்தா நெஞ்சு வலிக்கும். ஆனாலும் மூணு பிராண்டு வாங்கி டெஸ்ட் பண்ணுங்க, ஏன்னா என் பேரலுக்குப் பிடிச்சது உங்க பேரலுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவுல பேரல ஆற விடுங்க, மடமடன்னு சுட்டா எதுவும் புரியாது.

அப்புறம் ஸ்கோப் எங்க மாட்டியிருக்கு? பம்ப் கன்ல பேரல் தனியா கழண்டு வர்றது, கையால ஆட்டினாலே லேசா ஆடும். ஸ்கோப் ரிசீவர் (பேரலுக்குப் பின்னாடி இருக்கிற துப்பாக்கி உடம்பு) மேல இருந்தா பேரல் ஒரு பக்கம், ஸ்கோப் ஒரு பக்கம் பாக்கும். பேரலோடயே ஒட்டி, பின்பக்கம் ரிசீவர் மேல நீட்டிட்டிருக்கிற கேன்டிலீவர் மவுன்ட்ல மாட்டுங்க.

இதெல்லாம் பண்ணியும் எனக்கு சரியா வரல. ரேஞ்சுல பழக்கமான ஒரு பெரியவர் எனக்குத் தெரியாம ஒரு டம்மி தோட்டாவப் (மருந்து இல்லாத, வெடிக்காத தோட்டா) போட்டுக் குடுத்தார். நான் டிரிகர இழுத்தேன், 'க்ளிக்'னு சத்தம், குண்டு வெடிக்கல, ஆனா துப்பாக்கி வாய் சடார்னு கீழ குனிஞ்சுது. உதைக்கு பயந்து நானே தள்ளியிருக்கேன்! அவர் ஒண்ணும் சொல்லல, சிரிச்சார். ரெண்டு வாரம் டம்மிய கலந்து கலந்து பழகினேன்.

இப்போ 50 யார்டுல குறிக்கு 2 இஞ்சு உயரத்துல படுற மாதிரி ஸ்கோப்ப செட் பண்ணி வச்சிருக்கேன், 100 யார்டுல கிட்டத்தட்ட நடுவுல விழுது. அதுக்கு மேல தூரத்துல மான் நின்னா சுடுறதில்ல.

ஆமா, இதே துப்பாக்கியில பறவையும் அடிப்பீங்கன்னா பழைய பேரல வித்துடாதீங்க. மரை பேரல்ல ரவைத் தோட்டா (சின்னச் சின்ன குண்டு நிறைஞ்சது) போட்டா, ரவை சுழன்டு வட்டமா விரிஞ்சு நடுவுல மெதுவடை மாதிரி ஓட்டை விழும்.