ஐரோப்பாவில் பிறந்தநாள் வார இறுதிக்குக் காரில் போய்வர நல்ல பீர் திருவிழா எது?

கேள்வி கேட்டவர் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாராம். மனைவிக்குப் பிறந்தநாள் வருகிறது, கையில் கார் இருக்கிறது, முனிச்சில் நடக்கும் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவுக்குக் கூட்டிப் போனால் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். அப்படிக் கூட்டிப் போகப்பட்ட மனைவி என்ற முறையில் நான் பதில் சொல்கிறேன். 2025 ஜூனில் என் பிறந்தநாளுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நாங்கள் இருவரும் காரில் கிளம்பினோம். ஆனால் முனிச்சுக்கு அல்ல, எர்லாங்கன் என்ற ஊரின் பீர் திருவிழாவுக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பீர் குடிப்பது நான்தான். என் கணவர் பொள்ளாச்சிக்காரர், மோரைத் தாண்டி எதையும் தொடமாட்டார். மாமியாருக்கு இது இன்னும் தெரியாது. இந்தத் தளத்துக்கெல்லாம் அவர் வரமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முனிச் ஏன் வேண்டாம் என்றேன்? அலுவலகத்து ஆட்களோடு ஒருமுறை போயிருக்கிறேன். சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கெல்லாம் கூடாரங்களின் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இடமில்லை என்றார்கள். பெஞ்சில் உட்கார இடம் கிடைத்தால்தான் பீர் கைக்கு வரும். 2025-இல் ஒரு லிட்டர் குவளை 14.50 யூரோவிலிருந்து 15.80 யூரோ வரை. அந்த இரண்டு வாரமும் ஊரில் ரூம் வாடகையைப் பார்த்தால் பீர் விலை பரவாயில்லை என்று தோன்றிவிடும். பார்க்க வேண்டிய திருவிழாதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வாரநாளில், ரயிலில் போய்ப் பார்க்க வேண்டும். இருவராகக் கொண்டாட நினைக்கிற பிறந்தநாளுக்கு அது தோதுப்படாது.

எர்லாங்கன் திருவிழாவுக்குப் பெயர் பெர்க்கிர்ச்வை. ஊர்க்காரர்கள் வெறுமனே ‘பெர்க்’ என்பார்கள், அதாவது மலை. கிர்ச்வை என்றால் தேவாலயத்தைப் புனிதப்படுத்திய நாளைக் கொண்டாடும் விழா. எர்லாங்கனைச் சுற்றியுள்ள ஃபிராங்கோனியா வட்டாரத்தில் ஊருக்கு ஊர் ஒன்று நடக்கும். இதைப் படித்துச் சொன்னதும் அவர், “அட, நம்மூரு நோம்பிதான் அம்மணி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கொங்கு நாட்டில் ஊர்த் திருவிழாவை நோம்பி என்பார்கள். ராட்டினம், வறுத்த கடலைக்குப் பதில் சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம், பலூன், பொம்மைத் துப்பாக்கி சுடும் கடை என்று எல்லாம் அதேதான். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முந்தைய வியாழன் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு நாள். நடுவில் வரும் திங்கள் ஜெர்மனி முழுக்க விடுமுறை. ஆக மூன்று நாள் சும்மாவே கையில் விழுகிறது.

1755-இல் தொடங்கிய திருவிழா இது. அக்டோபர்ஃபெஸ்ட் 1810-இல் வந்தது, ஐம்பத்தைந்து வருஷம் இளையது. வேடிக்கை என்னவென்றால், எர்லாங்கன், முனிச்சைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவோடு சேர்ந்ததும் அதே 1810-இல்தான். அங்கே யாரிடமும் “நீங்கள் பவேரியாக்காரர்தானே” என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். பக்கத்துப் பெஞ்சுப் பெரியவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “ஃபிராங்கோனியா” என்று எழுத்தெழுத்தாக உச்சரித்துக் காட்டினார்.

மலை என்கிறார்களே தவிர அது ஒரு மேடுதான். ஆனால் அதன் வயிற்றுக்குள் பாறையைக் குடைந்த நீளமான நிலவறைகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் குளிரில்தான் லேகர் பீர் நன்றாக நொதிக்கும், வெயில் காலத்தில் கெட்டுவிடும். அதனால் குளிர்காலத்தில் காய்ச்சிப் பாறைக்குள் அடுக்கி வைத்தார்கள். கோடையில் அங்கேயே பீப்பாயைத் திறந்து, மேலே மரநிழலில் பெஞ்சு போட்டு ஊற்றத் தொடங்கினார்கள். இன்றைக்கும் ஃபிராங்கோனியாக்காரர்கள் நிலவறைக்கு ‘உள்ளே’ குடிக்கப் போவதில்லை, நிலவறை ‘மேலே’ போகிறோம் என்றுதான் சொல்வார்கள். 1870களில் குளிர்பதன இயந்திரம் வந்து இந்தப் பாறைகளுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது. அதைச் செய்த கார்ல் ஃபான் லிண்டே பிறந்ததும் இதே ஃபிராங்கோனியாவில்தான். வேலை போனாலும் பெஞ்சுகளை யாரும் எடுக்கவில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ரூம் தேடியபோதே எர்லாங்கனில் ஒன்றும் இல்லை. ஒரு தங்குமிடம் உறுதி செய்துவிட்டு, நாலு நாள் கழித்து ‘தவறுதலாகக் கொடுத்துவிட்டோம்’ என்று பணத்தைத் திருப்பி அனுப்பியது. எனக்கு அழுகையே வந்தது. கடைசியில் பக்கத்து ஊரான ஃபோர்ஹைமில் ஒரு பாட்டியின் வீட்டு மாடி அறை கிடைத்தது. இதுதான் எங்களுக்கு நடந்த பெரிய நல்லது. பாம்பெர்க், ஃபோர்ஹைம், எர்லாங்கன், நியூரம்பெர்க் நாலையும் எஸ்1 என்ற புறநகர் ரயில் ஒரே கோட்டில் இணைக்கிறது. காரைப் பாட்டி வீட்டு வாசலில் விட்டோம், திங்கள் காலை வரை சாவியைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். எர்லாங்கனுக்கு ஏ3 சாலையில் இருநூறு கிலோமீட்டர் சொச்சம், நேரே போனால் இரண்டேகால் மணி நேரம். நாங்கள் வூர்ட்ஸ்பெர்க் தாண்டி வடக்கே திரும்பி, முதலில் பாம்பெர்க் போவதாகத் திட்டம். ஆனால் பவேரியாவில் பெந்தெகொஸ்தே பள்ளி விடுமுறை இரண்டு வாரம். கூரையில் சைக்கிள் கட்டிய கார்கள் எல்லாம் அன்றைக்குத்தான் ஏ3-இல் ஏறியிருந்தன. ஸ்பெஸ்ஸார்ட் காட்டு மேட்டில் ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். கட்டிக்கொண்டு வந்த புளிசோற்றை மதியத்துக்கு வைத்திருந்தேன், பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது.

பாம்பெர்க்கில் ஆற்றின் நடுவில் நிற்கும் பழைய நகர மன்றத்தைப் பார்த்தோம், படம் எடுத்தோம். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர், அழகுதான். ஆனால் நான் வந்தது புகை பீருக்கு. ஷ்லெங்கெர்லா என்ற பழைய மதுக்கடையின் வாசலில் தெருவே குவளையும் கையுமாக நின்றது. பீச் மர விறகின் புகையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, உலர்த்திக் காய்ச்சுவார்கள். கறுப்பாக வந்தது. முதல் வாய் குடித்ததும் எனக்கு ஊரில் என் பாட்டி வீடுதான் ஞாபகம் வந்தது. விறகடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் போடுவார்கள் இல்லையா, அந்தத் தண்ணீரை வாயில் விட்டால் ஒரு புகை ருசி இருக்குமே, அதேதான். அவரிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏம்மிணி, காசு குடுத்து வாங்கினதா இது?” என்றார். மூன்றாவது குவளையில்தான் இந்த ருசி பிடிபடும் என்று அங்கே சொல்வார்கள். நான் அரை லிட்டரோடு நிறுத்திக்கொண்டேன். அந்த அரை லிட்டருக்கு ஃபிராங்கோனியாவில் ‘ஸைட்லா’ என்று பெயர். ‘ஐன் ஸைட்லா’ என்று கேட்டால் பரிமாறுகிறவர் முகம் மலரும்.

அன்று இரவு ஃபோர்ஹைமில் இவர் சும்மா இருக்காமல், “நாளைக்கு இவளுக்குப் பிறந்தநாள்” என்று பாட்டியிடம் சொல்லிவிட்டார். நான் வாழ்த்தை எதிர்பார்த்து நிற்கிறேன், பாட்டியோ வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டுகிறார். பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துவது ஜெர்மனியில் அபசகுனம். மறுநாள் காலை ஏழரைக்கு எலுமிச்சைக் கேக் துண்டில் ஒற்றை மெழுகுவர்த்தியோடு வந்து கதவைத் தட்டினார்.

ஞாயிறு மதியம் எஸ்1 ஏறி எர்லாங்கனில் இறங்கினோம். வழி கேட்கத் தேவையே இல்லை, எல்லாரும் ஒரே பக்கம் நடக்கிறார்கள். நெடுந்தெருவில் வடக்கே போய், ஷ்வாபாஹ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மரங்களுக்கு மேலே ராட்டினத்தின் தலை தெரியும். ஊர் ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம்தான். பன்னிரண்டு நாளில் பத்து லட்சம் பேர் வருவதாகக் கணக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது. கூடாரமும் கிடையாது, சரிவில் படிப்படியாக மரத்தடி பெஞ்சுகள். இடம் பிடிக்க, “இங்கே காலியா?” என்று கேட்டு உட்கார வேண்டியதுதான்.

பீர் ஒரு லிட்டர் கல் குவளையில் வருகிறது. குவளைக்கு முன்பணம் கட்டவேண்டும். வெறும் குவளையே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். பீரோடு தூக்கினால், கிணற்றுக் குடத்தை ஒற்றைக் கையில் தூக்கியது மாதிரி மணிக்கட்டு இறங்குகிறது. கண்ணாடி இல்லை என்பதால் உள்ளே எவ்வளவு பீர், எவ்வளவு நுரை என்று தெரியாது. முனிச்சில் இப்படிக் குறைத்து ஊற்றுவதை எதிர்த்து ஒரு சங்கமே இருக்கிறது, நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கம். பாலில் தண்ணீர் பார்க்கும் நம் ஊர்ப் பெண்களை அதற்குத் தலைவியாகப் போடலாம்.

தின்பதற்குக் குச்சியில் குத்திச் சுட்ட அயிலை மீன், பன்னுக்குள் மூன்று சின்ன நியூரம்பெர்க் தொத்திறைச்சி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மிளகாய்த்தூளும் பிசைந்த கெருப்ஃப்டர். எனக்குப் பிடித்தது முள்ளங்கி. வெள்ளை முள்ளங்கியை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவி, உப்புத் தூவித் தருகிறார்கள். பத்து நிமிஷம் விட்டால் தண்ணீர் விட்டுத் துவண்டு காரம் அடங்குகிறது. பீருக்கு அதைப்போல ஒன்றும் அமையாது. இவர் ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஷோர்லேயை லிட்டர் குவளையில் வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாரோடும் இடித்து ‘ப்ரோஸ்ட்’ சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் குடிக்கவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இடிக்கும்போது கண்ணைப் பார்க்காததற்குத்தான் திட்டு வாங்கினார்.

எதிரே சீமென்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாலு பேர். பிறந்தநாள் என்று தெரிந்ததும் பெஞ்சு மேல் ஏறி நின்று பாடினார்கள், மேலும் இரண்டு வரிசை சேர்ந்துகொண்டது. பாட்டு முடிந்ததும் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். “ஏனுங்க, என்ன பாக்கறாங்க?” என்றேன். “நீதான் வாங்கித் தரணுமாம்” என்றார். அங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தரவேண்டும்! நாலு லிட்டர் பீர். விலை முனிச்சைவிடக் குறைவு என்பதை நான் மனதார உணர்ந்த நேரம் அது. சாயங்காலம் தூறல் பிடித்தது. ஒருவரும் எழவில்லை, குவளைமேல் அட்டையை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணிக்குள் கடை கட்டிவிடுகிறார்கள். ரயில் முழுக்கப் பாட்டு. நடுவில் இவர் மட்டும், நோம்பியில் குழந்தையைத் தொலைத்துவிடப் பயப்படும் அப்பா மாதிரி, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இனி கேள்வி கேட்டவருக்கு. நீங்களும் குடிப்பவர் என்றால் திங்கள் காலையைப் பற்றி யோசியுங்கள். விழாப் பீர் ஆறு சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 48 கிராம் ஆல்கஹால். உடல் அதை மெதுவாகத்தான் கரைக்கும், ஒரே குவளை குடித்தாலும் முழுதாய் இறங்க எட்டு, பத்து மணி நேரம் ஆகலாம். இரண்டு குடித்துவிட்டுத் தூங்கி எழுந்தால் தலை தெளிந்திருக்கும், ரத்தம் தெளிந்திருக்காது. ஜெர்மனியில் ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹாலுக்கு வரம்பு ஆயிரத்துக்கு 0.5 பங்கு. ஆனால் ஓட்டுவதில் தடுமாற்றமோ விபத்தோ இருந்தால் 0.3-இலேயே பிடி. உரிமம் வாங்கி இரண்டு வருஷம் ஆகாதவர்களுக்குச் சொட்டுக்கூடக் கூடாது. புதிதாக ஜெர்மன் உரிமம் எடுத்தவராக இருந்தால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் மோர்க்காரராக இல்லாவிட்டால், திங்கள் மதியச் சாப்பாடு வரை கிளம்பாதீர்கள்.

2026-இல் பெந்தெகொஸ்தே மே 24. அப்படியானால் பெர்க் மே 21 முதல் ஜூன் 1 வரை. பிறந்தநாள் ஜூலைக் கடைசியில் என்றால் ஃபோர்ஹைமிலேயே அன்னாஃபெஸ்ட் இருக்கிறது, அதுவும் காட்டுக்குள் நிலவறைகள் மேல்தான். ரூமை எர்லாங்கனில் தேடி நேரத்தை வீணாக்காமல் எஸ்1 பாதையில் பாருங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு லிட்டருக்கான காசைத் தனியாக எடுத்து வையுங்கள், ஆனால் இதை மட்டும் மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.