மூளை அறுவைக்குப் பின் நீர்க் கசிவு: பசை ஆய்வில் அப்பாவைச் சேர்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பின்மூளையில் கட்டி இருப்பதால் சென்னையில் ஒரு மருத்துவமனையில் இரண்டு வாரத்தில் அறுவை சிகிச்சை. மூளை நீர் கசியாமல் தடுக்கும் புதுப் பசை ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் சேர்க்கச் சம்மதம் கேட்கிறார்கள். பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் அப்பாதான். அவர் தெளிவாகப் பேசுகிறார், சொன்னது புரிகிறது என்றால் முடிவும் அவருடையதுதான். "அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க டாக்டர்" என்று கேட்கும் பிள்ளைகளின் தவிப்பு எனக்குப் புரியும். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. படிவத்தைத் தமிழில் கேளுங்கள், தருவார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் அவரோடு உட்கார்ந்து படியுங்கள்.

சரி, பசை எதற்கு? மூளையைச் சுற்றியுள்ள உறைகளில் வெளிப்பக்கம் இருக்கும் கெட்டியான உறை டியூரா. அதற்குள் எந்த நேரமும் சுமார் 150 மில்லி நீர் இருக்கும். ஆனால் உடல் ஒரு நாளில் ஊறவைப்பது சுமார் 500 மில்லி. ஓயாமல் ஊறுகிற நீர் என்பதால் சின்ன இடைவெளி கிடைத்தாலும் வழி தேடிக்கொள்ளும். கட்டியை எடுத்ததும் டியூராவைத் தைத்துத்தான் மூடுவோம். ஆனால் ஊசி போட்ட துளை நூலைவிடச் சற்றுப் பெரியது. எவ்வளவு நெருக்கித் தைத்தாலும் அந்தத் துளைகள் வழியே கசியலாம். பின்மூளையில் டியூரா சுருங்கி விளிம்புகள் சேராமல் போவதும் உண்டு. அதனால்தான் அங்கே கசிவு வாய்ப்பு கூடுதல். கசிந்த வழியில் கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல் வரலாம். நாங்கள் அஞ்சுவது அதற்குத்தான்.

தையலின் மேல் பசை பூசுவது புதிதல்ல. மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் ஃபைப்ரின் பசை பல காலமாக இருக்கிறது. ரசாயன ஜெல் வகைப் பசை ஒன்றுக்கு அமெரிக்கா 2005இல் அனுமதி கொடுத்தது. ஆய்வில் இருப்பது எந்த வகை என்று கேளுங்கள்.

ஆய்வகத்தில் ஒரு சவ்வில் துளையிட்டு, பசை பூசி, அடியிலிருந்து நீரை அழுத்தி, எந்த அழுத்தத்தில் பிய்கிறது என்று பார்ப்பார்கள். அது பாதிக் கதைதான். உண்மையான டியூரா ஈரமாக, ரத்தம் கசிந்தபடி இருக்கும். பசை அதிலும் ஒட்ட வேண்டும். காயம் ஆறும்வரை கரையக் கூடாது. முக்கியமாக, ஊதக் கூடாது. சில ஜெல்கள் நீரை உறிஞ்சி ஊதும். பின்மூளையில் இடம் குறுகல், பக்கத்திலேயே மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டு. ஊதினால் அதை அழுத்திவிடும். உங்கள் அப்பா விஷயத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "இந்தப் பசை எவ்வளவு ஊதும்?"

அறுவை அரங்கில் இன்னொரு சோதனை உண்டு. மயக்க மருத்துவர் நுரையீரலில் காற்றைச் செலுத்திச் சில விநாடி பிடித்து வைப்பார். தலைக்குள் அழுத்தம் ஏறும். தையலில் முத்து முத்தாக நீர் துளிர்க்கிறதா என்று பார்ப்போம். ஆனால் வீட்டுக்குப் போய் இருமி, முக்கின பிறகும் பசை நிற்கிறதா என்பதைச் சில வாரக் கண்காணிப்புதான் சொல்லும். இந்த ஆய்வு அதற்காகத்தான்.

பெரும்பாலும் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். "பசை கிடைக்காத குழுவில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். வழக்கமான முழுச் சிகிச்சை என்பதே பதிலாக இருக்க வேண்டும். சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண், நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இரண்டையும் வாங்குங்கள். பதிவு 2009 முதல் கட்டாயம். பாதிப்பு வந்தால் செலவு யாருடையது என்பது படிவத்திலேயே இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை குறையாது. இவற்றுக்கெல்லாம் நேரான பதில் கிடைத்தால், என் அப்பாவாக இருந்தாலும் சேரச் சொல்வேன். மழுப்பினால் வேண்டாம்.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், வீடு வந்த பிறகு கவனமாக இருங்கள். மலச்சிக்கல் வரவிடாதீர்கள், முக்கினால் அழுத்தம் ஏறும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். தலையணை நனைகிறதா, பிடரியில் வீக்கம் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். பின்மூளை அறுவையில் நீர் காது எலும்பு வழியாக இறங்கி மூக்கில் ஒழுகுவதும் உண்டு. ஐப்பசி மழையில் சென்னையே மூக்கை உறிஞ்சும்போது, ஜலதோஷம் என்று ஆவி பிடிக்க வைத்துவிடுவார்கள். குனிந்தால் தண்ணீர்போல் சொட்டுகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் மூக்கைச் சிந்த வேண்டாம். சொட்டுவதைச் சுத்தமான சிறு பாட்டிலில் பிடித்து அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அது மூளை நீரா என்று பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனை சொல்லிவிடும். காய்ச்சலோடு கழுத்து விறைப்போ, குழப்பமான பேச்சோ இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.