கேளுங்க டாக்டர்: "லேசா தான் இருக்கு"ன்னு யார் சொல்றது?

இந்த தடவை வந்ததுல, தோல்ல செதில் செதிலா திட்டு வர்ற சோரியாசிஸ் நோய் பத்தின கேள்விகள் தான் ஜாஸ்தி. அதுல ஒண்ணு ஒரு டாக்டரே கேட்டது, அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: மேடம், நான் தோல் டாக்டரா பிராக்டிஸ் ஆரம்பிச்சு கொஞ்ச நாள் தான் ஆகுது. ஒரு சோரியாசிஸ் பேஷண்டுக்கு, நோய் எவ்ளோ தீவிரம்னு அளக்கற பாஸி ஸ்கோர் 12ல இருந்து 3க்கு இறங்கிடுச்சு. எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஆனா அவர் முகத்துல ஒண்ணுமே இல்ல, அடுத்த தடவை வரவும் இல்ல. நான் எதை கவனிக்காம விட்டேன்?

பதில்: தம்பி, இதை கேக்கணும்னு தோணுச்சு பாருங்க, அதுவே பெரிய விஷயம். பாஸி 1978ல இருந்து நம்ம கையில இருக்கு, 0ல இருந்து 72 வரைக்கும் போகும், ஆனா அது கணக்குல எடுக்கறது சிவப்பு, தடிப்பு, செதில், எவ்ளோ இடத்துல இருக்குங்கறது மட்டும் தான். ராத்திரி அரிப்புல தூக்கம் வரலைங்கறது அதுல எங்கயும் ஏறாது. ஒருத்தரோட உள்ளங்கை விரலோட சேத்தா உடம்புல சுமாரா 1 சதவீதம், அந்த அளவு கூட இல்லாத ஒரு திட்டு மறைவான இடத்துல இருந்தா ஸ்கோர்ல கண்ணுக்கே தெரியாது, ஆனா அந்த மனுஷனுக்கு நடந்தா எரியும், உக்காந்தா எரியும், மனைவி பக்கத்துல படுக்கவே பயப்படுவார். அவரா வாயைத் திறந்து சொல்வார்னு காத்துட்டு இருக்காதீங்க. "இது வர்றவங்கள்ல நிறைய பேருக்கு மறைவான இடத்துலயும் இருக்கும், அதனால எல்லாரையும் கேக்கறேன், உங்களுக்கு இருக்கா?"ன்னு சாதாரணமா கேளுங்க, பாதி பேர் அதுக்கப்புறம் தான் பேசவே ஆரம்பிப்பாங்க. தலை, முகம், உள்ளங்கை, பாதம், நகம் இதெல்லாமும் அப்படி தான், அளவு சின்னது, அவஸ்தை பெருசு.

தோல் நோய் வாழ்க்கையை எவ்ளோ பாதிக்குதுன்னு பேஷண்டையே கேக்கற டி.எல்.கியூ.ஐ. ஃபார்ம் குடுக்கறீங்கன்னு நெனைக்கறேன், 1994ல வந்தது, 10 கேள்வி, மொத்தம் 30, 10க்கு மேல போனா வாழ்க்கையை ரொம்பவே பாதிக்குதுன்னு அர்த்தம். நல்ல ஃபார்ம் தான், ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. "எனக்கு பொருந்தாது"ன்னு டிக் பண்ணா அதுக்கு 0 மார்க். தோல் தெரியுமேன்னு நீச்சல் அடிக்கறதையே நிறுத்திட்ட ஒருத்தர் விளையாட்டு கேள்விக்கு என்ன டிக் பண்ணுவார்? பொருந்தாதுன்னு தான். நோய் அவர்கிட்ட இருந்து புடுங்கிட்டுப் போன விஷயம் ஃபார்ம்ல பிரச்சனையே இல்லாத மாதிரி பதிவாகும். அதனால டோட்டலை மட்டும் பாக்காதீங்க, பொருந்தாதுன்னு போட்ட இடத்துல விரலை வெச்சு "இது முன்னாடி பண்ணிட்டு இருந்தீங்களா, எப்ப விட்டீங்க?"ன்னு கேளுங்க.

இன்னொண்ணும் இருக்கலாம். மாநிறம், கருப்பு தோல்ல சிவப்பு சிவப்பாவே தெரியாது, ஊதாவோ கரும்பழுப்போ தான் தெரியும், அதனால ஆரம்பத்துல போட்ட ஸ்கோரே கம்மியா இருந்திருக்கலாம். ஆறினதுக்கு அப்புறமும் கருத்த தடம் மாசக்கணக்குல நிக்கும். நீங்க தடவிப் பாத்து தடிப்பு போயிடுச்சு, செதில் இல்லைன்னு சந்தோஷப்படுவீங்க, அவர் கண்ணாடியில அதே இடத்துல அதே திட்டை தான் பாப்பார். இது நோய் இல்ல, ஆறின தடம், கொஞ்சம் கொஞ்சமா மங்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.

அப்புறம் மருந்து. "ஒழுங்கா போடறீங்களா?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னு தான் சொல்வாங்க. "போன வாரத்துல எத்தனை நாள் போட முடிஞ்சுது, முதுகுல யார் போட்டு விடறாங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, போட்டு விட ஆளே இல்லைன்னு அப்ப தான் தெரியவரும்.

கேள்வி: எனக்கு முழங்கையில மட்டும் கொஞ்சம் திட்டு, டாக்டர் லேசானது தான்னு சொல்லி ஆயின்ட்மென்ட் குடுத்தார். ஆனா காலையில எழுந்தா ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியல, பாட்டில் மூடி கூட திறக்க வரல. ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல், முடக்குவாதத்துக்குப் பாக்கற ஆர்.ஏ. ஃபாக்டரும் நெகட்டிவ், அதனால மூட்டுல ஒண்ணும் இல்லைங்கறாங்க. என் கற்பனையா டாக்டர்?

பதில்: கற்பனை இல்லம்மா. சோரியாசிஸ் இருக்கறவங்கள்ல 30 சதவீதம் பேர் வரைக்கும் சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்னு மூட்டு பாதிப்பு வரலாம், பெரும்பாலும் தோல் முதல்ல வந்து வருஷக்கணக்கு கழிச்சு மூட்டு ஆரம்பிக்கும். தோல்ல எவ்ளோ இருக்குங்கறதுக்கும் மூட்டு எவ்ளோ கெடும்ங்கறதுக்கும் நேர் கணக்கு கிடையாது. ரத்த டெஸ்ட்ல நிறைய பேருக்கு ஒண்ணும் காட்டாது. ஆர்.ஏ. ஃபாக்டர் நெகட்டிவ்னா இது இல்லைன்னு ஆகாது, சொல்லப்போனா இந்த நோயை வகைப்படுத்த 2006ல வந்த காஸ்பர் விதிகள்ல அந்த நெகட்டிவுக்கே ஒரு மார்க் உண்டு.

இதை படிக்கற டாக்டர்களுக்கும் சேத்து சொல்றேன், பெஸ்ட் (PEST)ங்கற பேர்ல அஞ்சே கேள்வி உள்ள ஒரு ஃபார்ம் இருக்கு. மூட்டு எப்பவாவது வீங்கியிருக்கா, ஆர்த்ரைட்டிஸ்னு டாக்டர் யாராவது சொல்லியிருக்காங்களா, நகத்துல குழி குழியா இருக்கா, குதிகால் வலிச்சிருக்கா, ஒரு விரல் முழுசா காரணமே இல்லாம வீங்கி வலிச்சிருக்கா, அவ்ளோ தான். மூணுக்கோ அதுக்கு மேலயோ ஆமான்னா ரூமட்டாலஜிஸ்ட்கிட்ட, அதாவது மூட்டு நோய் டாக்டர்கிட்ட அனுப்பணும். குதிகால் வலியை பேஷண்ட் தோல் டாக்டர்கிட்ட சொல்லவே மாட்டாங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நாம தான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேக்கணும், கேட்டுட்டு கையைப் புடிச்சு நகத்தைப் பாக்கணும். ஆறு மாசம் தள்ளிப்போனாலே எலும்பு அரிக்கற வாய்ப்பு கூடுதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, அரிச்ச எலும்பு பழையபடி வராது. அதனால தான் "லேசானது"ங்கற பேச்சு எனக்கு அவ்ளோ கோவத்தை வரவைக்குது.

நீங்க இப்பவே ரூமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்க. அப்பாயின்ட்மென்ட் அன்னிக்கு வீக்கம் இல்லாம போயிடலாம், அதனால வீங்கற அன்னிக்கே போன்ல போட்டோ எடுத்து வைங்க. காலையில விறைப்பு எவ்ளோ நேரம் இருக்கு, எந்த வேலை செய்ய முடியலைன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. "கை வலிக்குது"ன்னு சொல்றதை விட "மூடி திறக்க முடியல"ன்னு சொன்னா டாக்டர் நிமிர்ந்து பாப்பார்.

கேள்வி: டாக்டர் ரூம்ல அழுகை வந்துடுச்சு. அவர் மருந்து சீட்டை நீட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். மனசு சரியில்லாததை எல்லாம் தோல் டாக்டர்கிட்ட சொல்லக்கூடாதோ?

பதில்: தாராளமா சொல்லலாம், சொல்லணும். இந்த நோய் இருக்கறவங்களுக்கு மன அழுத்தம், டிப்ரஷன் மத்தவங்களை விட அதிகம். தொட்டா ஒட்டாத நோயை ஒட்டிக்கும்னு நெனச்சு ஜனங்க விலகி உக்கார்றாங்க, அது வலிக்காம எப்படி இருக்கும்? உலக சுகாதார நிறுவனமே 2016ல வெளியிட்ட சோரியாசிஸ் அறிக்கையில இந்த ஒதுக்கலைப் பத்தி எழுதியிருக்கு. கூட்டம் ஜாஸ்தின்னு டாக்டர்கள் சொல்றது எனக்குப் புரியும், ஆனா பேனாவை கீழ வெச்சுட்டு "மனசு எப்படி இருக்கு?"ன்னு கேக்க நேரம் பெருசா ஆகாது. உயிரை விட்டுடலாம்னு தோணுதான்னும் நேரடியா கேக்கலாம், கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. உங்களுக்கு அப்படி தோணினா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் இருக்காதீங்கம்மா, இன்னிக்கே வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கேள்வி: சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடறேன், தோல் நல்லா இருக்கு. குழந்தை வேணும்னு இப்ப தான் முடிவு பண்ணோம். டாக்டர் அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல. தொடரலாமா?

பதில்: கர்ப்பத்துல மெத்தோட்ரெக்ஸேட் கூடவே கூடாது, குழந்தைக்கு ஆபத்து. இந்த வாரமே டாக்டரைப் பாத்து சொல்லுங்க, அவர் நிறுத்தி, இவ்ளோ மாசம் கழிச்சுன்னு கணக்கு சொல்ற வரைக்கும் கருத்தடை தொடரட்டும். ஏற்கனவே நாள் தள்ளிப்போயிருந்தா அடுத்த டோஸ் போடாம உடனே டாக்டர்கிட்ட போங்க. சோரியாசிஸுக்கே குடுக்கற அசிட்ரெட்டின்ங்கற இன்னொரு மருந்து எப்பவாவது சாப்பிட்டிருந்தா அதையும் மறக்காம சொல்லணும், ஏன்னா அதை நிறுத்தி மூணு வருஷம் வரைக்கும் கர்ப்பம் ஆகக்கூடாது. நியாயமா இந்த மருந்துகளை எழுதறதுக்கு முன்னாடியே "குழந்தை யோசனை இருக்கா?"ன்னு டாக்டர் கேட்டிருக்கணும். பயப்படாதீங்க, கர்ப்ப காலத்துல பயன்படுத்தக்கூடிய சிகிச்சைகள் இருக்கு, சில ஆயின்ட்மென்ட்கள், புற ஊதா பி ஒளி சிகிச்சை, தேவைப்பட்டா நஞ்சுக்கொடியை தாண்டி குழந்தைக்கு பெருசா போகாத செர்டோலிசுமாப் ஊசி. இதுல உங்களுக்கு எதுன்னு தோல் டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேந்து பேசி முடிவு பண்ணட்டும், நீங்களும் கூட உக்காந்து பேசுங்க.