நிலாவெளியில டைவ் அடிச்சிட்டு அன்னைக்கே தலவாக்கலைக்கு ஏறலாமா?

தலவாக்கலையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவரும் கூட்டாளிங்களும் வேன் ஒண்ணு ஹயர் பண்ணி வெள்ளிக்கிழமை நைட் கெளம்பி நிலாவெளி போறாங்க. சனிக்கிழமை போட்ல புறாமலை தீவுக்குப் போயி காத்து டேங்க் கட்டிக்கிட்டு ரெண்டு டைவ், ஞாயித்துக்கிழமை காலையில இன்னொண்ணு, பகல் சாப்பாடு முடிச்சு கெளம்பினா நைட்டுக்குள்ள வீடு, ஏன்னா திங்கக்கிழமை வேலை. டைவ் ஷொப்ல "பிளேன் ஏறப் போறீங்களா"ன்னு கேட்டாங்களாம், இல்லன்னதும் அப்ப சரின்னுட்டாங்களாம். "இந்த பிளான் ஓகேவா? கூட வர்ற தங்கச்சிக்கு சளி வேற, அவ முதல் தடவையா ட்ரை பண்ணலாமா?"ன்னு கேக்குறாரு.

தம்பி, ஞாயித்துக்கிழமை டைவை தூக்கிருங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

காரணம் என்னன்னா, மலைநாட்டுக்காரங்களுக்கு வீட்டுக்குப் போறதே பிளேன் ஏறுற மாதிரிதான், இதை கரையோரத்துல இருக்கவங்க யோசிக்கிறது கொறவு. பிளேன் முப்பதாயிரம் அடிக்கு மேல பறந்தாலும் உள்ளுக்கு காத்தழுத்தம் அதிகபட்சம் 8000 அடி, அதாவது 2438 மீட்டர் உயரத்துல இருக்குற அளவுக்குத்தான் கொறையும். நுவரெலியா டவுனே 1868 மீட்டர். தலவாக்கலை கிட்டத்தட்ட 1200, ஹட்டன் 1270 சொச்சம், பண்டாரவளை 1200க்கு மேல. கடற்கரை காத்தழுத்தத்தை 100ன்னு வச்சா நுவரெலியாவுல அது 80 அளவுதான், உங்க ஊர்ல 87. றம்பொட ஏத்தத்துல வேன்ல இருக்குற சிப்ஸ் பக்கெட் உப்பிக்கிட்டு வர்றத பாத்திருப்பீங்க, காது அடைச்சு விடுறதும் அதே வேலைதான்.

கடல்ல ஒவ்வொரு 10 மீட்டர் எறங்கவும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அப்ப 18 மீட்டர்ல உங்க மேல 2.8 மடங்கு. டேங்க்ல இருக்குறது சாதாரண காத்துதான், அதுல 78 வீதம் நைதரசன், அழுத்தம் கூடக்கூட அது ரத்தத்துலயும் தசையிலயும் கொழுப்புலயும் கரைஞ்சு போயி உக்காந்துக்கும். மெதுவா மேல வந்து, 5 மீட்டர்ல 3 நிமிஷம் நின்னு, போட்ல ஏறிட்டாலும் அது முழுசா போயிருக்காது, மூச்சு வழியா கொஞ்சங் கொஞ்சமா வெளியாக மணிக்கணக்குல ஆகும். அது போறதுக்குள்ள நீங்க மலை ஏறி அழுத்தத்தை இன்னும் கொறைச்சா உள்ளுக்கு இருக்குறது குமிழியா மாறுற ஆபத்து கூடும். டீகம்ப்ரஷன் நோய்ன்றது அதுதான்.

டைவ் பாதுகாப்பு பத்தி ஆலோசனை குடுக்குற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு சொல்றது இது: டீகம்ப்ரஷன் ஸ்டொப், அதாவது மேல வரும்போது நைதரசன் போறதுக்காக கட்டாயமா நிக்க வேண்டிய நிறுத்தம், தேவைப்படாத ஒரே ஒரு டைவ்னா பிளேன் ஏற முந்தி 12 மணித்தியாலம், ஒரே நாள்ல பல டைவ் இல்லன்னா தொடர்ந்து பல நாள் டைவ்னா 18 மணித்தியாலம் பொறுக்கணும். ரெண்டுமே கொறைஞ்ச அளவு, அதுக்கு மேல எவ்வளவு விட்டாலும் நல்லதுதான். இது பிளேனுக்காக சொன்னதுன்னாலும் கணக்கு 2000 அடி, அதாவது 610 மீட்டர்லயே தொடங்குது, உங்க வீடு அதுக்கு ரெண்டு மடங்கு உயரத்துல இருக்கு. உங்க பிளான்படி ஞாயிறு 11 மணிக்கு தண்ணியில இருந்து ஏறினீங்கன்னா 18 மணித்தியாலம் முடியுறது திங்க காலை 5 மணிக்கு, ஆனா ஞாயிறு ராத்திரி 9 மணிக்கே நீங்க தலவாக்கலையில நிப்பீங்க. கையில கட்டுற டைவ் கொம்பியூட்டர்ல பிளேன் ஏறாதேன்னு ஒரு அடையாளம் காட்டும் பாருங்க, அது இருக்குற வரைக்கும் மலையும் ஏறக்கூடாதுன்னுதான் எடுத்துக்கணும்.

அதனால ரெண்டு டைவையும் சனிக்கிழமையே முடிச்சிருங்க. மத்தியானம் 1 மணிக்கு ஏறினா ஞாயிறு பகல்ல 24 மணித்தியாலமே ஆயிரும், அப்புறம் தாராளமா வரலாம். ஞாயிறு காலையில சும்மா இருக்க வேணாம், மாஸ்க் போட்டு மேலாப்புல நீந்தி புறாமலை பவளப்பாரைப் பாருங்க, மூச்சை புடிச்சிக்கிட்டு ஆழத்துக்கு மட்டும் எறங்காதீங்க. ஆழமில்லாத எடத்துலயே கருந்துடுப்புச் சுறா சுத்தும், அது ஒண்ணும் செய்யாது, துரத்தாம பாருங்க. பவளத்து மேல மட்டும் தயவுசெஞ்சு கால் வைக்காதீங்க, ஏற்கனவே நிறைய மிதிபட்டு செத்துப் போச்சு. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூத்து எல்லாம் ஞாயிறுக்கு வச்சுக்கங்க, டைவ் முடிச்ச கையோட சுடுதண்ணியில குளிக்கிறது நல்லதில்ல. இல்ல, ஞாயிறு டைவ் கட்டாயம் வேணும்னா திங்கக்கிழமை லீவு போடுங்க, ராத்திரி தம்புள்ளையில தங்கிட்டு விடிஞ்சு ஏறுங்க, தம்புள்ளை தாழ்வான ஊர்தான்.

நான் ரொம்ப பயப்படுறது ஒரு விஷயத்துக்கு. இந்த நோய் வந்தா முதல்ல சாதாரண அலுப்பு மாதிரிதான் தெரியும். தோள்மூட்டு, முழங்கை, முழங்கால்ல வலி, தோல்ல அரிப்பு இல்லன்னா திட்டுத்திட்டா நிறம், மரமரப்பு, தலைசுத்து. வேன்ல உக்காந்து வந்த வலின்னு சித்தாலேப தைலம் தடவிட்டு படுத்துருவாங்க, அப்படி செய்யாதீங்க. ஏறுற வழியில தொடங்கினா மேல போறத நிப்பாட்டி எறங்குங்க, ஆளை மட்டமா படுக்க வச்சு 1990 அம்புலன்ஸுக்கு கோல் பண்ணுங்க, ஒக்சிசன் வேணும்னு சொல்லுங்க. டொக்டர்கிட்ட எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழம், எத்தனை டைவ்னு முதல் வார்த்தையிலயே சொல்லணும், அவங்களா அதைக் கேக்க மாட்டாங்க, மலைநாட்டு ஹொஸ்பிட்டல்ல அப்படி ஒரு கேஸ் வர்றதே அபூர்வம். போட் ஏற முந்தியே ஷொப்ல ரெண்டு கேள்வி கேட்டு வச்சுக்கங்க, போட்ல ஒக்சிசன் இருக்கா, இந்த நோய்க்கு அழுத்தத்தைக் கூட்டி வைத்தியம் பண்ற ரீகம்ப்ரஷன் சேம்பர் கிட்டத்துல எங்க இருக்கு.

தங்கச்சிக்கு சளி இருக்குற வரைக்கும் டைவ் வேணாம். காது அடைப்பு எடுபடாது, செவிப்பறை கிழிஞ்சு போகலாம். மூக்கடைப்பு மருந்து போட்டுக்கிட்டு எறங்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது பாதியில விட்டுப்போனா மேல வரும்போது காத்து வெளிய போக வழியில்லாம மாட்டிக்கிட்டு இன்னும் மோசமாகும். மாஸ்க்கோட மேலாப்புல நீந்தட்டும், செப்டம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் கடல் அமைதியாத்தான் இருக்கும், சளி விட்டப்புறம் இன்னொரு தடவை கூட்டிட்டுப் போங்க.